பிடரியில் ஆரம்பித்து நெற்றிக்கு ஏறும் தலைவலி: வீட்டிலேயே தளர்த்துவது எப்படி

சாயங்காலம் நாலு மணி வாக்கில் பிடரியில் ஒரு பாரம் ஏறும். அரை மணி நேரத்தில் அது காதுக்கு மேலாக நெற்றிப்பொட்டுக்கு வந்து, துண்டை முறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டின மாதிரி இரண்டு பக்கமும் இறுக்கும். விண்விண்ணென்று தெறிக்காது, வாந்தி வராது, எழுந்து நடக்கலாம், வேலையும் பார்க்கலாம். ஆனால் எதிலும் மனது ஒட்டாது. மெய்ப்புத் திருத்தும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அதில் மூன்று வருடம் இந்த வலியோடுதான் போனது. இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிறது, வந்தாலும் என்ன செய்வதென்று தெரியும். இதே வலியோடு இப்போதுதான் போராட ஆரம்பித்திருப்பவர்களுக்காக, செய்யவேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

இதை மருத்துவர்கள் டென்ஷன் தலைவலி என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் "எனக்கென்ன டென்ஷன், நான் நிம்மதியாகத்தானே இருக்கிறேன்" என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். மனக்கவலை இருந்தால் இது கூடும், உண்மைதான். ஆனால் கவலையே இல்லாமல், ஒரே நிலையில் குனிந்து உட்கார்ந்தவர்களுக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும், வேளைக்குச் சாப்பிடாதவர்களுக்கும் வரும். ஒரு முறை வந்தால் அரை மணி நேரத்தில் போகலாம், ஏழு நாள் வரைக்கும் இழுக்கலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி இருந்து, அப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால் அதை நாள்பட்டது என்று கணக்கு வைக்கிறார்கள். ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன் வேறு. அது பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, மாடிப்படி ஏறினால் கூடும். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதைத் தாண்டிப் போய் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள். திடீரென்று, ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தாங்கமுடியாத தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல். தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி. கர்ப்ப காலத்தில் அல்லது பிரசவத்துக்குப் பின் புதிதாக வந்த கடுமையான வலி. இவற்றில் எது இருந்தாலும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 50 வயதுக்கு மேல் முதல் தடவையாக ஆரம்பிக்கும் தலைவலியும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற வலியும், இருமினால் குனிந்தால் அதிகமாகும் வலியும் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டியவை. கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம் பாய்வது போல இறங்கினால் அது எலும்பு, நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதற்கு இந்தப் பயிற்சிகள் பொருந்தாது.

இவை எதுவும் இல்லையா? சரி, ஆரம்பிக்கலாம்.

கழுத்து என்ன சுமக்கிறது

ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். பெரிய சிரமம் இருக்காது. அதே பையை ஒரு அடி முன்னால் நீட்டிப் பிடியுங்கள். ஒரு நிமிஷத்தில் கை நடுங்கும். பெரியவர்களின் தலை ஏறத்தாழ அந்த எடைதான், நாலரையிலிருந்து ஐந்து கிலோ. காது தோளுக்கு நேராக இருக்கும்வரை ஏழு கழுத்தெலும்புகள் அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும். செல்போனுக்கோ தையல் மிஷினுக்கோ நோட்டுக் கட்டுக்கோ தலை முன்னால் போனதும், அது கீழே விழாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற வேலை தசைகளின் தலையில் விழுகிறது. மண்டையோட்டின் அடியிலிருந்து தோள்பட்டை வழியாக நடுமுதுகு வரை விரியும் பெரிய தசை ஒன்று. மண்டையும் கழுத்தும் சேரும் குழியில், விரல் நுனி வைத்தால் தட்டுப்படும் சின்னத் தசைகள் சில. அங்கே இறுகினால் வலி அங்கேயே நிற்பதில்லை. நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியும். அதனால்தான் நெற்றியில் மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வலி திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் வலி நீடித்தால் நரம்பு மண்டலமே வலிக்குப் பழகி, லேசான இறுக்கத்தைக்கூடப் பெரிய வலியாகக் காட்ட ஆரம்பித்துவிடும். ஆகையால் இரண்டு நாள் செய்துவிட்டு "பலன் இல்லை" என்று விடாதீர்கள். ஆறு வாரமாவது கொடுக்கவேண்டும்.

முதல் வேலை: கவனிப்பது

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முதல் நாள் போனபோது, பயிற்சி ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் என் வலது தோள்மேல் இரண்டு விரலை வைத்து, "இதைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். இறக்கித்தான் இருக்கிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் விரலை அப்படியே வைத்திருந்தார். நாலைந்து மூச்சு போயிருக்கும். தோள் தானாக, ஒரு படி இறங்குவது மாதிரி, இரண்டு விரற்கடை கீழே போனது. அத்தனை நேரமும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான், எனக்கே தெரியாமல். அன்றைக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் அவ்வளவுதான்: ஒரு நாளைக்கு இருபது தடவை தோளைக் கவனிப்பது.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? பல் பல்லோடு ஒட்டியிருக்கிறதா? புருவம் நடுவில் சுருங்கியிருக்கிறதா? போன் மணி அடிக்கும்போது ஒரு தடவை, தண்ணீர் குடிக்கும்போது ஒரு தடவை, சிக்னலில் வண்டி நிற்கும்போது ஒரு தடவை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கையையும் அப்படியே தளர்த்திக்கொள்ளலாம்.

தாடைக்கு ஒரு சுலப வழி. வாயை மூடிக்கொண்டு, "அவன்" என்று மெதுவாக மனதுக்குள் சொல்லி, கடைசி "ன்"னில் அப்படியே நில்லுங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், பற்களுக்கு இடையில் சின்ன இடைவெளி இருக்கும். தாடை ஓய்வெடுக்கும் நிலை அதுதான். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவேண்டிய அவசியமே கிடையாது. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கென்று உறை செய்து தருவார்கள்.

மூச்சு

பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வயிற்றுக் கை மேலே எழும்பவேண்டும், நெஞ்சுக் கை சும்மா இருக்கவேண்டும். பதற்றமாக இருக்கும்போது நாம் மேல்மூச்சாக வாங்குகிறோம். அப்போது கழுத்துத் தசைகளும் விலாவைத் தூக்கிவிட உழைக்கின்றன. வயிற்று மூச்சில் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஐந்து நிமிஷம் போதும். தலை சுற்றினால் மூச்சை அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள்.

இறுக்கி விடுவது

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தசை தளர்ந்தால் மனமும் தளரும் என்பது அவருடைய அடிப்படை. அவர் முறை மிக நீளமானது, பின்னால் வந்தவர்கள் சுருக்கினார்கள். வீட்டில் செய்ய அந்தச் சுருக்கமான முறை போதும்.

இரவில் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, விளக்கைக் குறைத்து, மின்விசிறி நேராக முகத்தில் அடிக்காத இடமாகப் படுத்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கலாம். வலது கையை முஷ்டி பிடித்து இறுக்குங்கள். முழு பலத்தோடு வேண்டாம், முக்கால் பலம். மனதுக்குள் ஏழு எண்ணுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல், கையிலிருந்து பையை நழுவ விடுவது போல ஒரேயடியாக விடுங்கள். இப்போது முப்பது எண்ணும்வரை ஒன்றும் செய்யாமல், விரல்களில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு வெதுவெதுப்பு, ஒரு கனம் தெரியும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு அந்த முப்பது எண்ணுக்குள்தான் கற்றுக்கொள்கிறது. புதிதாகச் செய்பவர்கள் இறுக்குவதில் அக்கறை காட்டிவிட்டு இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

அப்புறம் இடது கை. பிறகு முழங்கையை மடக்கி மேல்கை. புருவத்தை உயர்த்தி நெற்றி. கண்ணை இறுக மூடி, மூக்கைச் சுருக்கி நடுமுகம். தாடைக்கு மட்டும் பல்லைக் கடிக்காமல் உதடுகளை ஒன்றோடொன்று அழுத்தினால் போதும். கழுத்துக்குத் தலையைச் சுருட்டின துண்டில் மெல்லப் பின்னால் அழுத்துங்கள், பாதி பலத்துக்கு மேல் போகாதீர்கள். தோள் இரண்டையும் காதை நோக்கித் தூக்கி, விடுங்கள். இதை மட்டும் இரண்டு தடவை செய்யுங்கள். பிறகு வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். கெண்டைக்காலை இறுக்கும்போது குரக்கை பிடித்தால் பாதத்தை உங்கள் பக்கமாக மடக்குங்கள்.

எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகும். நடுவில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது தூங்காமல் முழுதாகச் செய்து பாருங்கள். அப்போதுதான் பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இறுக்காமல், நினைத்த மாத்திரத்தில் தோளைத் தளர்த்த வரும். வலி இல்லாத நாளிலும் செய்யவேண்டும். நான் முதல் இரண்டு மாதம் தலை வலித்த நாளில் மட்டும் செய்தேன், ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. தினமும் செய்ய ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில்தான் நாலு மணி வலி ஐந்தரைக்குத் தள்ளிப்போனது.

இதற்கு ஆய்வு பலமும் இருக்கிறது. நாள்பட்ட டென்ஷன் தலைவலி உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2001-ல் வெளியான ஒரு ஆய்வில், வீட்டுப் பயிற்சியோடு சேர்ந்த, மன அழுத்தத்தைச் சமாளிக்கக் கற்றுத்தரும் பயிற்சியும், மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரையும் தனித்தனியாகவே பலன் தந்தன. மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது, பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது, இரண்டும் சேர்ந்தபோது நிறையப் பேருக்கு நல்ல குறைவு தெரிந்தது. எனவே மருத்துவர் தடுப்பு மாத்திரை எழுதியிருந்தால் இதைச் செய்கிறேன் என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

கழுத்துக்கு மூன்று அசைவுகள்

உட்கார்ந்தே செய்யலாம். முதலாவது, மோவாயை உள்ளிழுப்பது. நேரே பார்த்துக்கொண்டு, பின்னாலிருந்து யாரோ தலையை நேர்க்கோட்டில் இழுத்த மாதிரி மோவாயைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். குனியக் கூடாது, அண்ணாந்தும் பார்க்கக் கூடாது. ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள், எட்டுப் பத்துத் தடவை. இரண்டாவது, வலது காதை வலது தோள் பக்கமாகச் சாய்த்து, இடது கையால் நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கக் கழுத்தில் இழுவை தெரியும் இடத்தில் இருபது எண்ணிவிட்டுப் பக்கம் மாற்றுங்கள். கையால் தலையை அழுத்தவேண்டாம், அதன் எடையே போதும். மூன்றாவது, தலையை பாதி வலப்பக்கம் திருப்பி, உங்கள் அக்குளை மோந்து பார்ப்பது போலக் குனியுங்கள். தோள்பட்டை எலும்பின் மேல்மூலையிலிருந்து கழுத்துக்கு ஏறும் தசை நீளும். பிறகு அடுத்த பக்கம்.

தலையை வட்டமாகச் சுழற்றும் பயிற்சியைப் பள்ளிக்கூடத்திலிருந்தே செய்துவருகிறோம். பின்பக்கமாக முழுவட்டம் போகவேண்டாம், முன்பக்க அரைவட்டம் போதும்.

சலூனில் முடி வெட்டின பிறகு தலையைப் பிடித்து "படக்"கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாளங்கள் கழுத்தெலும்பில் உள்ள துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன. திடீர் திருப்பலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் ஒரு நிமிஷ சுகத்துக்காக அதை ஏன் வாங்கிக்கொள்ளவேண்டும்? எண்ணெய் தடவித் தலையை நீவிவிடுவது, தோளைப் பிடித்துவிடுவது எல்லாம் தாராளமாகச் செய்துகொள்ளலாம். திருப்பிச் சொடக்கு எடுப்பது மட்டும் வேண்டாம்.

வலி வந்துவிட்ட நேரத்தில்

கல்லுப்பை வெறும் வாணலியில் சூடாக்கி, பழைய வேட்டித் துணியில் முடிச்சுக் கட்டி ஒத்தடம் கொடுக்கும் பாட்டி வைத்தியம் நல்ல வைத்தியம். முடிச்சை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள், பொறுக்கமுடிந்தால்தான் கழுத்துக்கு. நெற்றிக்கு இல்லை, பிடரிக்கும் தோள்பட்டைக்கும், கால் மணி நேரம். வெந்நீர்ப் பையும் இதே வேலையைச் செய்யும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் வேறொருவரைச் சூடு பார்க்கச் சொல்லவேண்டும்.

ஒத்தடம் முடிந்த கையோடு இரண்டு டென்னிஸ் பந்து. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற அதே பந்துதான். ஒரு காலுறைக்குள் இரண்டையும் ஒட்டினாற்போல் போட்டு முடிச்சுப் போடுங்கள். மல்லாந்து படுத்து, மண்டையோடு முடிந்து கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில், முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பந்து வரும்படி வைத்து, தலையின் எடையை அதில் போடுங்கள். முதல் அரை நிமிஷம் "அங்கேதான்" என்று வலிக்கும், பிறகு இளகும். மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்திலோ பக்கவாட்டில் நாடித்துடிப்பு தெரியும் இடத்திலோ எதையும் வைத்து அழுத்தக் கூடாது.

தைலம் பற்றிக் கேட்பார்கள். 1893-ல் பம்பாயில் பிறந்து 1914-ல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. புதினா எண்ணெய்க்கு ஆதாரம் உண்டு: பத்து சதவீதக் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் தடவியபோது டென்ஷன் தலைவலி குறைந்ததை ஜெர்மனியில் 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே தைலம் தடவலாம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பூரம் சேர்ந்தவற்றைக் கைக்குழந்தைகளுக்குத் தடவாதீர்கள்.

உட்காரும் இடம்

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஜாக்கெட் தைப்பவர். பண்டிகைக் காலத்தில் ராத்திரி பன்னிரண்டு வரை மிஷின் ஓடும், தலைவலி மாத்திரை தினமும் போகும். அவர் உட்காரும் ஸ்டூலைப் பார்த்தேன். மிஷினுக்குத் தேவையானதைவிட உயரம், அதனால் ஊசியைப் பார்க்க அவர் கிட்டத்தட்ட மடிந்து உட்கார்ந்திருந்தார். நாலு அங்குலம் குறைவான ஸ்டூல், மிஷினுக்குமேல் ஒரு சின்ன விளக்கு, ஒவ்வொரு ஜாக்கெட் முடிந்ததும் எழுந்து தண்ணீர் குடிப்பது. இவ்வளவுதான் மாற்றினோம். அவருக்கு அது பாதி வலியைக் குறைத்தது. மீதிப் பாதி கண்ணாடி. நாற்பதைத் தாண்டின பிறகு வெள்ளெழுத்து வருகிறது, நாம் அதை ஒத்துக்கொள்ளாமல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறோம். கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி அடியில் புத்தகங்களை அடுக்கி, தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்ளவேண்டும். முப்பது, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். எவ்வளவு நல்ல நாற்காலியும் எழுந்து நிற்பதற்கு ஈடாகாது. தலையணை, பக்கவாட்டில் படுத்தால் காதுக்கும் தோள் நுனிக்கும் உள்ள இடைவெளியை நிரப்பினால் போதும். இரண்டு தலையணை அடுக்குபவர்கள் ஒன்றை எடுத்துவிடுங்கள். குப்புறப் படுக்காதீர்கள். காபி குடிப்பவர்கள் நேரம் தவறாமல் குடியுங்கள். காபி தவறினாலும் தலை வலிக்கும்.

மாத்திரையும் காலண்டரும்

பாராசிட்டமால் எப்போதாவது போடுவதில் தவறில்லை. ஆனால் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். மெடிக்கல் ஷாப்பில் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்குகிறவற்றில் காஃபின் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. அட்டையின் பின்புறம் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் மூன்று குறி போதும். வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, கால் மணி நேரப் பயிற்சி செய்த நாளுக்கு ஒரு டிக். தூக்கம் கெட்ட நாளையும் மாதவிடாய் நாளையும் பென்சிலில் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. ஆறு வாரம் கழித்து டிக் நிறைய இருந்தும் புள்ளி குறையவில்லை என்றால், அந்தக் காலண்டர் தாள்களைக் கிழித்து மடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "அடிக்கடி தலை வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட, அந்தத் தாள்கள் அவருக்கு நிறையச் சொல்லும்.